ஏட்டில் ஆறு, காதில் மூன்று: கிழக்குப் பெங்களூரில் பிரெஞ்சு வினைச்சொல்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே 'பர்லே' என்னும் வினை வந்துவிடும். பேசு என்று பொருள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று அதன் நிகழ்கால வாய்பாடு ஆறு வரிகளில் நோட்டில் ஏறும். இந்த ஆறு வரிகளிலும் ஐந்து விதமான எழுத்துக்கூட்டல் இருக்கிறது. ஆனால் பாரிஸ்காரர் ஒருவர் படித்துக் காட்டினால் காதில் விழுவது மூன்றே ஒலிதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் 'பர்ல்'. நாம் என்பதற்கு 'பர்-லொ(ன்)'. நீங்கள் என்பதற்கு 'பர்-லே'. இக்கட்டுரையில் அடைப்புக்குள் வரும் (ன்) தனி மெய்யல்ல, அதற்கு முந்தைய உயிர் மூக்கு வழியே ஒலிக்கிறது என்பதற்கான குறி. அதேபோல் 'ஃஸ' என்று எழுதுவது, உருதுக்காரர்கள் 'பாஸார்' என்னும்போது வரும் அதிர்வுள்ள ஸகரம்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இந்தத் தூரத்தை ஆங்கிலத்தின் துணைகொண்டு தாண்ட முயல்வதுதான் நம் பிள்ளைகளின் துன்பம். அவர்களுடைய தாய்மொழியே அதற்கு நல்ல பாலம் என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க ஜீவனஹள்ளியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம், மாருதி சேவா நகர் ஆகியவற்றை ஒட்டியிருக்கும் ஜீவனஹள்ளி, பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தைச் சேர்ந்தது. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த அந்தப் படைநகருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து படையாட்களும் வேலையாட்களும் வியாபாரிகளும் வந்து குடியேறினார்கள். இன்றும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தமிழ் சகஜமாகக் கேட்கும். இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் கன்னடம், மாஸ்க் ரோடு பக்கம் போனால் தக்கினி உருது, பள்ளியில் ஆங்கிலம். நகரின் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சும் ஒரு விருப்பப் பாடம். கர்நாடக பி.யு.சி.யிலும் மொழிப் பாடமாக அதை எடுக்கலாம். பள்ளிக்கு வெளியே படிப்பவர்கள் வசந்த நகர் திம்மையா சாலையில் உள்ள அலியான்ஸ் ஃப்ரான்சேஸுக்குப் போகிறார்கள். இப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. நான் சொல்லப் போவதற்கு அது தடையில்லை. இங்கே வேண்டியது ஏட்டுத் தமிழ் அன்று, நாக்கில் இருக்கும் தமிழ்.

முதலில், எல்லாரும் இடறும் இடம். 'அவர்கள்' என்பதற்குரிய வினைமுடிவு ஈ, என், டீ என்னும் மூன்று எழுத்துகள். ஆங்கிலப் பழக்கத்தில் மாணவர் அதை 'பர்லென்ட்' என்று படிப்பார். ஓரசை ஈரசையாகிவிடும், இல்லாத மெய் இரண்டு முளைத்துவிடும். இதே மூன்று எழுத்துகள் பெயர்ச்சொல்லின் முடிவில் வந்தால் உண்மையாகவே ஒலிக்கும், மூக்குயிராக. 'பிரெ-ஃஸி-தா(ன்)' என்றால் குடியரசுத் தலைவர். அதே எழுத்துக்கூட்டல், மேலே ஒரு குறிகூட மாறாமல், 'அவர்கள் தலைமை தாங்குகிறார்கள்' என்ற வினையாக வந்தால் 'பிரெ-ஃஸீத்' என்று நின்றுவிடும். பெயரில் மூன்றசை, வினையில் இரண்டு. எனவே பிரெஞ்சில் ஒரு சொல்லை அசை பிரிக்குமுன் அது பெயரா வினையா என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த மூன்று எழுத்தும் வெறும் ஊமையா? இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையைச் சொல்லாமலே பெரும்பாலும் வாய்பாடு மனப்பாடம் செய்ய வைக்கப்படுகிறது. 'முடிக்கிறான்' என்பது 'ஃபி-னி'. 'முடிக்கிறார்கள்' என்பது 'ஃபி-னிஸ்'. 'தூங்குகிறான்' என்பது 'தோர்', 'தூங்குகிறார்கள்' என்பது 'தோர்ம்'. ஒருமையில் வினையடியின் இறுதி மெய் வாயில் வராது. பன்மையில் வருகிறது. பழைய பிரெஞ்சில் அந்த மெய்க்குப் பின்னால் ஓர் உயிர் ஒலித்தது. அந்த உயிர் காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது, அது காத்துவந்த மெய் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே ஈ-என்-டீ என்னும் முடிவு, முன்னுள்ள மெய்யை ஒலி என்று சொல்லும் கட்டளை. அசைக் கணக்கில் பார்த்தால் ஒருமை பன்மை இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். 'முடி' வினையின் ஒருமையில் கடைசி அசை திறந்திருக்கிறது, பன்மையில் மூடிக்கொள்கிறது. 'தூங்கு' வினையில் ரகரத்தால் ஏற்கெனவே மூடிய அசை, பன்மையில் இன்னொரு மெய்யையும் சேர்த்துக்கொள்கிறது. இதை ஒரு முறை காதால் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, ஒழுங்கற்ற வினைகள் என்று பயமுறுத்தப்படும் பட்டியலில் பெரும்பகுதி ஒழுங்குக்கு வந்துவிடும்.

அசை என்ற சொல்லை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். நம் யாப்பில் அசை என்பது மாத்திரை பார்த்துக் கட்டுவது, இரண்டு குறில் சேர்ந்து ஒரு நிரையசை ஆகும். பிரெஞ்சு அசை ஓர் உயிருக்கு ஒன்று. ஜீவனஹள்ளி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யாப்பின்படி ஜீ/வன/ஹள்/ளி, நேர் நிரை நேர் நேர், ஆக நான்கு. பிரெஞ்சுக் காதுக்கு ஐந்து: ஜீ-வ-ன-ஹ-ளி. கடைசியில் இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் ளகரத்தை இரட்டித்து அழுத்துகிறோம். பிரெஞ்சில் இரட்டை மெய்யை எழுதும்போது வரியிறுதியில் இரண்டாக உடைப்பார்கள், ஒலிக்கும்போது ஒன்றுதான். எழுத்தில் பிரிப்பதும் வாயில் பிரிப்பதும் வேறு வேறு. அகராதி காட்டும் வெட்டுக்கோட்டைப் பார்த்து உச்சரிக்கக் கற்பது தவறான வழி.

பிரெஞ்சுப் பேச்சு உயிரில் முடியும் அசைகளை விரும்புகிறது. பேச்சோட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் அப்படிப்பட்ட திறந்த அசைகளே வருகின்றன. அந்த விருப்பத்தால் சொல்லெல்லை கரைகிறது. 'இல்' (அவன்), 'எம்' (நேசிக்கிறான்) இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 'இல்-எம்' என்று யாரும் சொல்வதில்லை, 'இ-லெம்' என்பார்கள். ஆங்கிலம் வழியாக வந்த மாணவர் சொல்லுக்குச் சொல் நிறுத்துகிறார். தமிழ் வழியாக வந்தால் நிறுத்தத் தேவையே இல்லை. 'ஆள் இல்லை' என்பதை நாம் 'ஆளில்லை' என்றுதான் சொல்கிறோம். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்வது இயல்பு என்று நன்னூல் விதி வகுத்திருக்கிறது. அந்த நூலைப் பவணந்தி முனிவர் எழுதியது கங்கர் மரபைச் சேர்ந்த சீயகங்கன் வேண்டுகோளின்படி. கங்கரின் பழைய தலைநகரமான கோலார் பெங்களூருக்குக் கிழக்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. தமிழிலக்கணத்துக்கு இந்த மண்ணோடு உள்ள உறவு இன்று நேற்றையதன்று.

சந்தியைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை பெங்களூரில் இருக்க முடியாது என்பது இன்னொரு வசதி. கன்னட வகுப்பில் லோப சந்தி, ஆகம சந்தி, ஆதேச சந்தி மூன்றையும் படித்திருப்பார்கள். ஊரு, அல்லி இரண்டும் சேர்ந்து 'ஊரல்லி' ஆவது லோபம். மனெ, அல்லி சேரும்போது நடுவே யகரம் தோன்றி 'மனெயல்லி' ஆவது ஆகமம். மளெ, கால சேர்ந்து 'மளெகால' ஆகும்போது, நடுவிலுள்ள ககரம் (தமிழெழுத்து காட்டாவிட்டாலும்) அதிர்வுள்ள ககரமாக மாறுவது ஆதேசம். இந்த மூன்றும் பிரெஞ்சு வினையில் அப்படியே இருக்கின்றன. 'நான்' என்ற பெயரின் இறுதி உயிர், உயிரில் தொடங்கும் வினைக்கு முன் மறைந்துபோகிறது, லோபம். 'அவன் பேசுகிறானா' என்று வினாவாகத் திருப்பிப் போட்டால் 'பர்-லெ-தில்', நடுவே ஒரு தகரம் வந்து நிற்கிறது, ஆகமம். தமிழில் யகர வகர உடம்படுமெய் செய்யும் வேலையை அங்கே தகரம் செய்கிறது. 'வருகிறானா' போன்ற வடிவங்களில் வினையிறுதியிலேயே தகரம் இருந்தது, அதைப் பார்த்துத் தகரமில்லாத வினைகளும் அதை ஏற்றுக்கொண்டன.

ஆதேசத்துக்கு வருவோம். இங்கேதான் உச்சரிப்புப் பிழை பொருட்பிழையாகிறது. 'அவர்களிடம் இருக்கிறது' என்பது 'இல்-ஃஸொ(ன்)'. 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பது 'இல்-ஸொ(ன்)'. முதலாவதில் பன்மை குறிக்கும் ஊமை எஸ், பின்னால் உயிர் வந்ததும் உயிர்பெற்று, இரண்டு ஒலிகளுக்கு நடுவே அதிர்கிறது. இரண்டாவதில் வினையே ஸகரத்தில் தொடங்குவதால் அதிர்வில்லை. பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த அதிர்வை மட்டுமே. தமிழ் எழுத்து இதைக் காட்டாது என்றாலும், உயிர்களுக்கு நடுவே வல்லினம் அதிர்வது தமிழ் வாய்க்குப் பழகியதுதான். 'பகல்' என்பதில் உள்ள ககரத்தையும் 'கல்' என்பதில் உள்ள ககரத்தையும் ஒலித்துப் பாருங்கள். மாஸ்க் ரோட்டில் 'பாஸார்' என்று தினம் கேட்கும் பிள்ளைக்கு அந்த அதிர்வுள்ள ஸகரமும் புதிதன்று.

பிரெஞ்சின் மிகச் சிக்கலான ஒலி என்று எல்லாரும் சொல்வது அந்த மங்கிய எகரம். எழுத்தில் வெறும் ஈ. சில இடத்தில் ஒலிக்கும், சில இடத்தில் விழும். இதை விளக்க எனக்குத் தெரிந்த சிறந்த துணை குற்றியலுகரம். 'காசு' என்பதன் உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுகிறது, 'காசில்லை' என்னும்போது முற்றாகப் போய்விடுகிறது. 'பசு' என்பதன் உகரம் முழு உகரம், ஆகவே போகாது, 'பசுவில்லை' என்று வகரம் தேடிக்கொள்கிறது. முன்னால் என்ன எழுத்துகள் நிற்கின்றன என்பதைப் பார்த்துத்தான் உகரம் குறுகுமா நிற்குமா என்று தீர்மானிக்கிறோம். பிரெஞ்சு எகரத்துக்கும் கணக்கு முன்னால் நிற்பதில்தான். ஒரு மெய் இருந்தால் விழலாம், இரண்டு மெய் இருந்தால் நிற்கும். மொரீஸ் கிராமோன் என்னும் மொழியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை மூன்று மெய் விதி என்று வகுத்தார். எகரம் விழுந்தால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும் என்றால் அது விழாது. 'நேசிப்பீர்கள்' என்பது 'எம்-ரே', எகரம் விழுந்து இரண்டசை. 'பேசுவீர்கள்' என்பது 'பர்-லெ-ரே', எகரம் நின்று மூன்றசை. இரண்டும் ஒரே வகை வினை, ஒரே காலம், ஒரே முடிவு.

இன்னும் நுட்பம் உண்டு. 'நேசிப்பீர்கள்' என்பது 'எம்-ரே'. அதில் ஓர் ஐ எழுத்து கூடி, 'விரும்புவீர்களா' என்று மரியாதையாகக் கேட்கும் வடிவமானால் 'எ-மெ-ரியே'. பின்னால் ரகரமும் யகரமும் சேர்ந்து வந்ததால் விழுந்த எகரம் எழுந்து நிற்கிறது. 'அழைக்கிறோம்' என்பது 'அ-ப்லொ(ன்)', 'அழைத்துக்கொண்டிருந்தோம்' என்பது 'அ-பெ-லியொ(ன்)'. காலம் மாறியதைக் கடைசி எழுத்தில் தேடும் மாணவருக்கு அது நடு அசையிலேயே கேட்டிருக்கும், கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தால்.

அந்த 'அழை' வினைதான் எழுத்துக்கூட்டலில் மாணவரை அழவைப்பது. 'நாம்' வடிவத்தில் ஒரு எல், 'நான்' வடிவத்தில் இரண்டு எல். ஏன்? மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காரணம் அசையில் இருக்கிறது. 'நான் அழைக்கிறேன்' என்பதில் முடிவு உயிர் ஒலிக்காததால் கடைசி அசை லகரத்தால் மூடிக்கொள்கிறது. மூடிய அசைக்குள் மங்கிய எகரம் நிற்க முடியாது, வாய் நன்றாகத் திறந்த எகரமாக மாறும். அந்த மாற்றத்தைக் காட்டச் சில வினைகளில் மெய்யை இரட்டித்து எழுதினார்கள், 'வாங்கு' போன்ற வினைகளில் எகரத்தின் மேல் சாய்கோடு போட்டார்கள். நோய் ஒன்று, மருந்து இரண்டு. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தப் பரிந்துரைகள் இதைச் சீராக்க முயன்றன. அழை, எறி ஆகிய இரண்டு வினைகளையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் இரட்டை மெய்யோடு விட்டுவிட்டு, அந்த வகையில் மற்றவற்றுக்கெல்லாம் சாய்கோட்டைப் பரிந்துரைத்தன. 'விட்டுக்கொடு' போன்ற வினைகளின் எதிர்காலத்திலும், காதில் திறந்த எகரம் விழுவதால், அதற்கேற்ற குறியை அனுமதித்தன. அசையைக் கேட்டவர்கள் எழுத்தைத் திருத்தியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இரட்டை மெய் ஒன்றாகவே ஒலிக்கும் என்றேன். அதற்கு ஓர் அருமையான விலக்கு வினைச்சொல்லில்தான் இருக்கிறது. 'ஓடிக்கொண்டிருந்தான்' என்பது 'கூ-ரே', '(முடிந்தால்) ஓடுவான்' என்ற நிபந்தனை வடிவம் 'கூர்-ரே'. ரகரம் உண்மையாகவே இரட்டிக்கிறது, பொருள் அந்த இரட்டிப்பில் தொங்குகிறது. 'செத்துப்போ' என்ற வினையும் இப்படியே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் திணறும் இடம் இது. 'பளு'வையும் 'பள்ளு'வையும் வேறுபடுத்தும் தமிழ்ச் செவிக்கு அது விளையாட்டு.

மூக்குயிர்களில் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் செல்வத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிரெஞ்சு ஆசிரியர் மூக்கைப் பிடித்துக் காட்டி, நாக்கை மேலே தொடாமல் 'ஒ(ன்)' என்று சொல்லவைக்கப் படாத பாடு படுகிறார். நாமோ வீட்டில் 'நான் வந்தேன்' என்று ஏட்டில் இருப்பதுபோல் சொல்வதில்லை. 'நா(ன்) வந்தே(ன்)' என்கிறோம். னகரம் வாயில் வராது, உயிர் மூக்கில் ஒலிக்கும். 'பணம்' என்பதும் பேச்சில் 'பணொ(ன்)' போலத்தான். ஹெரல்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணம் இந்த மூக்குயிர்களை விளக்குகிறது. ஆக, மூக்குயிரால் வினையை முடிக்கும் பழக்கம் இப்பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே உண்டு. இன்னும் ஒன்று: 'வந்தா(ன்)' என்பதோடு வினா ஆகாரம் சேர்ந்தால் 'வந்தானா' என்று னகரம் திரும்பி வருகிறது, மூக்கொலி நீங்கிவிடுகிறது. பிரெஞ்சில் 'வருகிறான்' என்பது 'வியே(ன்)', 'வருகிறார்கள்' என்பது 'வியென்'. பின்னால் ஒரு காலத்தில் உயிர் இருந்ததால் னகரம் தப்பிப் பிழைத்தது, மூக்குயிர் வாயுயிராயிற்று. வந்தான், வந்தானா என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தவருக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தமிழ் துணைக்கு வராத இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. சொல்லிறுதியில் மெய் நின்றால் நம் வாய் உகரத்தை ஒட்டிவிடும். பஸ்ஸு, காரு என்பதுபோல் 'பர்லு' என்று வரும். கன்னடமும் அதே பழக்கத்தை ஊட்டுகிறது. மார்செய் பக்கத்துத் தென்பிரான்ஸ்காரர்களும் அங்கே ஒரு சிறு எகரம் சேர்த்துத்தான் பேசுகிறார்கள், ஆனால் நம் உகரம் அதுவாகாது. சொல் முதலில் மெய்கள் கூடி வருவதும் தொல்லை, 'எடுக்கிறான்' என்னும் 'ப்ரா(ன்)' என்பதை 'பி-ரா(ன்)' ஆக்கி ஓரசையைக் கூட்டிவிடுவோம். உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்லும் உயிர் தமிழில் இல்லை. பார்த்த, படித்த, குடித்த என்னும் எச்சங்களெல்லாம் அதில்தான் முடிகின்றன. இவற்றுக்குப் பயிற்சி ஒன்றே வழி.

காதால் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி சான்று. படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் ஒரு டீ எழுத்து இருக்கிறது. புதுச்சேரித் தமிழர் அதை 'சொல்தா' என்றார்கள். ஊமை டீயைத் தொடவில்லை. நடுவில் வந்த ஒலியை டகரமாக்காமல் தகரமாகவே பிடித்தார்கள். பிரெஞ்சுத் தகரம் நம் தகரம்போல் பல்லில் ஒலிப்பது, அதை 'சோல்டாட்' ஆக்குவது ஆங்கிலக் கண். 'முசியே' என்ற விளியிலும் எழுத்திலுள்ள என், ஆர் இரண்டும் இல்லை. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் பிரெஞ்சுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிய மரபைச் சேர்ந்தது. நகராட்சிக் கட்டடத்தை இன்றும் 'மேரி' என்கிறார்கள். இந்தச் சொற்களைப் பெற்றவர்கள் பலர் பிரெஞ்சு எழுத்தையே அறியாதவர்கள். அதனால்தான் சரியாகப் பெற்றார்கள்.

பிரெஞ்சு மொழித்திறனை அளக்கும் டெல்ஃப் தேர்வில் நான்கு திறன்களுக்கும் தலா 25 மதிப்பெண். கேட்டலும் பேசுதலும் சேர்ந்து சரிபாதி. நம் வகுப்பறைகளிலோ வாய்பாடு எழுதி நிரப்பும் பயிற்சிக்கே நேரம் போகிறது. கிழக்குப் பெங்களூரில் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: புது வினை ஒன்றைக் கொடுக்கும்போது முதல் நாள் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஆறு வடிவத்தையும் சொல்லுங்கள், எத்தனை ஒலி கேட்டது என்று கேளுங்கள், அசையைக் கைதட்டி எண்ணவையுங்கள், எந்த அசை மூடியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காசில்லை, வந்தானா, ஊரல்லி என்று அவர்கள் வாயிலிருப்பதையே எடுத்துக்காட்டுங்கள். எழுத்து இரண்டாம் நாள் வரட்டும். பெற்றோரும் ஒன்று செய்யலாம், பிரெஞ்சு படிக்கும் பிள்ளையிடம் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டாம்.